ரிசர்வில் நின்றவர் பார்த்த பரேடு

எங்கள் தெருவுக்கு வந்த முதல் டிவி கறுப்பு வெள்ளை. அந்தக் குறைக்கு மருந்தாக, திரைக்கு முன்னால் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு விற்பார்கள். மேலே நீலம், நடுவில் மஞ்சள் மாதிரி ஏதோ ஒன்று, கீழே பச்சை. வானமும் வயலும் வந்தால் கச்சிதமாகப் பொருந்தும். மற்ற நேரத்தில் செய்தி வாசிப்பவருக்கு நீல நெற்றியும் பச்சை மோவாயும் இருக்கும். 1986ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று, அந்தத் தகட்டின் வழியாகத்தான் டெல்லி குடியரசு தின அணிவகுப்பை முதன்முதலாகப் பார்த்தேன். ஒட்டகங்கள் பச்சைக் கால்களோடு நடந்து போயின.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. லீவு நாளிலேயே இன்னொரு லீவு வந்து விழுந்து வீணாகிவிட்டதே என்று வகுப்பே துக்கத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி, ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக்கொண்டு, சட்டையில் குத்திய காகிதக் கொடியோடு ஓடினேன். பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே முப்பது பேர் இருந்தார்கள். மரக் கதவு வைத்த டிவி. அதைத் திறக்கும் உரிமை பெரியப்பாவுக்கு மட்டும்தான்.

எங்கள் ஊர் வேலூர்ப் பக்கம். வீட்டுக்கு ஒருவர் மிலிட்டரி என்று சொன்னால் மிகையாக இருக்கும், ஆனால் ரொம்ப மிகையாக இருக்காது. பெரியப்பா மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் படையின் ஜவான்களுக்கு ராணுவம் முழுக்கவே ‘தம்பி’ என்றுதான் பெயர். பஞ்சாபி அதிகாரியும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவாராம். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கியதுதான் அந்த டிவி.

நிறம் சொல்வது பெரியப்பாவின் வேலை. “அந்தத் தலைப்பா குங்குமக் கலர்டா. பக்கத்துல ஆடுறவ பாவாடை வாடாமல்லிக் கலர்.” முப்பது பேரும் அதை அப்படியே நம்பினோம். அவர்தான் டெல்லியை நேரில் பார்த்தவர். பல வருடம் கழித்துக் கலர் டிவி வந்தபோதுதான் அவர் சொன்னதில் பாதி தவறு என்று தெரிந்தது. கேட்டதற்கு, “நான் பார்த்த வருசம் அப்பிடித்தான் இருந்துச்சு” என்று முடித்துவிட்டார்.

அவர் பார்த்த வருடம் என்பது எழுபதுகளின் தொடக்கம். அணிவகுப்புக் குழுவில் சேர்த்து டெல்லிக்கு அனுப்பியிருக்கிறார்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிப் பயிற்சி. வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்பு. பூட்ஸுக்குள் விரல் இருக்கிறதா என்று குனிந்துதான் பார்க்க வேண்டும் என்பார். ஒவ்வொரு குழுவிலும் கூடுதலாகச் சிலரை வைத்திருப்பார்கள். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் இறக்குவதற்கு. அதற்கு ரிசர்வ் என்று பெயர். பெரியப்பா ரிசர்வ். இரண்டு மாதம் எல்லோரோடும் சேர்ந்து அதே நடை, அதே திட்டு, அதே பாலிஷ். ஜனவரி 26 அன்று முகாமில் உட்கார்ந்து ரேடியோவில் வர்ணனை கேட்டார்.

“ஒருத்தனுக்குக்கூட ஜுரம் வரலைடா அந்த வருசம்.” இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

அதனால் அவர் பரேடு பார்க்கும் விதமே வேறு. எங்களுக்கு யானை வேண்டும், ஒட்டகம் வேண்டும், ஒரே மோட்டார் சைக்கிளில் கூம்பாக ஏறி நிற்கிறவர்கள் வேண்டும். அப்போதெல்லாம் வீரச் செயல் விருது வாங்கிய பிள்ளைகள் யானை மேல் உட்கார்ந்து வருவார்கள். அந்த விருது தொடங்கிய கதையும் எனக்குப் பிடிக்கும். 1957இல் டெல்லி ராம்லீலா மைதானத்தில் நேரு இருந்த பந்தலில் தீப்பிடித்தபோது, 14 வயதுச் சாரணச் சிறுவன் ஒருவன் கத்தியால் துணியைக் கிழித்து வழி உண்டாக்கினான். அதிலிருந்து பிறந்த விருது. நாங்களும் யாராவது கிணற்றில் விழுவார்களா என்று ஒரு கோடை முழுக்கக் காத்திருந்தோம், யானை மேல் போவதற்காக. யாரும் விழவில்லை. பெரியப்பாவைப் போல நாங்களும் ரிசர்வ்தான். பிற்பாடு யானைகளை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைத் திறந்த ஜீப்பில் அழைத்து வர ஆரம்பித்தார்கள். யானைக்கு நல்லதுதான்.

பெரியப்பா பார்ப்பது கால்களை மட்டும். “மூஞ்சியப் பாக்காத. பூட்ஸப் பாரு” என்பார். ஒரு குழுவில் 12 பேர் கொண்ட 12 வரிசை, ஆக 144 பேர். முன்னால் வருகிற வரிசை எப்போதும் அழகாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது கோடு உடைகிறதா என்பதுதான் விஷயம். அதற்கு ‘டிரெஸ்ஸிங்’ என்று பெயர். ஜனாதிபதி மேடைக்கு முன்னால் வந்ததும் ‘தாஹினே தேக்’ என்று கட்டளை கேட்கும். அத்தனை தலையும் வலது பக்கம் திரும்பும். ஆனால், வலது ஓரத்து வரிசை மட்டும் திரும்பாது. மற்றவர்கள் எல்லோரும் மேடையைப் பார்க்கும்போது, அந்த ஓரத்தில் நடப்பவர்கள் மட்டும் நேராகப் பாதையைப் பார்த்து நடப்பார்கள். அவர்களும் திரும்பினால் மொத்தக் கோடும் கோணிவிடும். இதை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் கண் வேறெங்கும் போகாது.

அன்றைய தூர்தர்ஷன் இதற்கு வசதியாக இருந்தது. கேமராக்கள் குறைவு. ஒரு கேமரா ஒரு குழுவைப் பிடித்தால் அது கடந்து போகிற வரைக்கும் விடாது. எங்களுக்கு அலுக்கும். கொட்டாவி விடுவோம், பட்டாணி கொறிப்போம். பெரியப்பா மட்டும் திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, “அஞ்சாவது வரிசைல ஒருத்தன் ஸ்டெப் மாத்துறான் பாரு” என்பார். எங்களுக்கு எதுவும் தெரியாது. அந்த நேரம் பார்த்து ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை வந்துவிட்டால் கூடமே மூச்சை அடக்கிக்கொண்டு அந்த அட்டையைப் பார்க்கும்.

இந்த அணிவகுப்பு ஆரம்பத்தில் ஊர் ஊராகப் போன நாடகக் குழு மாதிரி இடம் மாறிக்கொண்டே இருந்தது. 1950இல் முதல் குடியரசு தினத்துக்கு, இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ விருந்தினராக வந்தபோது, இர்வின் ஸ்டேடியத்தில் நடந்தது. அப்புறம் கிங்ஸ்வே, செங்கோட்டை, ராம்லீலா மைதானம் என்று சுற்றியது. 1955இல்தான் ராஜபாதையில் நிலைகொண்டது. அந்த ஆண்டு விருந்தினர் பாகிஸ்தானின் கவர்னர் ஜெனரல் மாலிக் குலாம் முகமது. இன்றைக்கு இதைச் சொன்னால் நம்ப ஆள் தேட வேண்டும். 2022 செப்டம்பரில் அந்தப் பாதைக்குக் கர்தவ்ய பாதை என்று பெயர் வைத்தார்கள். பெரியப்பாவுக்கு இன்னும் அது ‘ராஜ்பத்’தான். ‘அப்பதான் வாயில நுழைஞ்சுது’ என்பது அவர் கட்சி.

தமிழ்நாட்டில் அந்தத் தேதிக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. 1965 ஜனவரி 26 அன்று இந்தி மட்டுமே ஆட்சி மொழியாகப் போகிறது என்றுதான் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அதற்கு முதல் நாளான ஜனவரி 25ஐ இன்றும் மொழிப்போர் தியாகிகள் நாளாக வைத்திருக்கிறோம். எங்கள் ஊர் டீக்கடை முனையில் 25ஆம் தேதி கூட்டம் போட்டு முழங்கிய அதே அண்ணன்கள், 26 காலையில் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இந்தி வர்ணனை கேட்டுக்கொண்டிருப்பார்கள். யாரும் இதை ஒரு முரணாக நினைத்த மாதிரி தெரியவில்லை. ஜஸ்தேவ் சிங்கின் குரல் அது. அறுபதுகளில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அவர்தான் குடியரசு தினத்தின் குரல். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அந்தக் குரல் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பது எங்களுக்கு மனப்பாடம். பெரியப்பா மொழிபெயர்ப்பார். அவருடைய மொழிபெயர்ப்பும் அவர் சொன்ன நிறங்களைப் போலத்தான் இருந்திருக்கும் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

புரியாததால்தான் அது விளையாட்டாக இருந்தது. அலங்கார ஊர்தி வந்தால் எந்த மாநிலம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஊர்தியின் முன்னால் இந்தியில் பெயர் இருக்கும், பின்னால் ஆங்கிலத்தில், பக்கவாட்டில் அவரவர் மொழியில். இந்தி படிக்கத் தெரியாத கூட்டம், ஊர்தி கடந்து பின்பக்கம் தெரிகிற வரைக்கும் பந்தயம் கட்டும். பனிமலை என்றால் காஷ்மீரா இமாச்சலா? காண்டாமிருகம் என்றால் அசாம், சந்தேகமில்லை. தமிழ்நாடு வருகிறது என்றால் நாதஸ்வரம் கேட்கும். கூடமே எழுந்துகொள்ளும். சரியாக அந்த நொடியில் கேமரா மேடைக்குத் திரும்பி, யாரோ ஒரு வெளிநாட்டுத் தலைவர் பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து ஏதோ கேட்பதைக் காட்டும். திரும்பி வரும்போது கோபுரத்தின் பின்பக்கம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். இது ஒவ்வொரு வருடமும் நடந்தது என்று என் ஞாபகம் சாதிக்கிறது. அப்படி இருந்திருக்க முடியாது.

1993இல் சன் டிவி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் எங்கள் ஊருக்குக் கேபிள் வந்ததும் அந்தக் கூடம் காலியாயிற்று. ஜனவரி 26 என்றால் காலையில் சிறப்புப் பட்டிமன்றம், அப்புறம் நடிகர் பேட்டி, அப்புறம் ‘திரைக்கு வந்து சில மாதங்களே ஆன’ படம். எனக்குப் பதினேழு, பதினெட்டு வயது. பெரியப்பா பரேடு வைத்திருக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் போனால், “வாடா, மெட்ராஸ் ரெஜிமெண்ட் வருது” என்று கூப்பிடுவார். ‘வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்பது அவர்களுடைய போர் முழக்கம் என்று நூறாவது முறை சொல்வார். நான் வாசலில் நின்றபடியே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நழுவிவிடுவேன். ஏவுகணை போகிற வண்டிகளைப் பார்த்துக் கை தட்டுவதில் ஒரு கூச்சமும் அப்போது ஒட்டிக்கொண்டது. கல்லூரியில் படித்த புத்தகங்களின் உபயம். அந்தக் கூச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை, போக வேண்டும் என்றும் தோன்றவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இரண்டு வருடம் டெல்லியில் வேலை. பெரியப்பாவுக்காகவாவது நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரு ஜனவரி 26 காலையில் கிளம்பினேன். டிக்கெட் எடுக்கவில்லை. அணிவகுப்பு ராஜபாதையோடு முடிவதில்லை, இந்தியா கேட் தாண்டி, பகதூர் ஷா ஜாபர் மார்க் வழியாகச் செங்கோட்டை வரைக்கும் போகும், சாலை ஓரத்தில் நின்றால் இலவசம் என்று உடன் வேலை பார்த்தவர் சொன்னார். பத்திரிகை அலுவலகங்கள் இருக்கும் அந்தச் சாலையில் கம்பளிக்குள் சுருண்டு நின்றேன்.

அங்கேதான் டிவி ஒருநாளும் காட்டாத பரேடைப் பார்த்தேன். மேடையைத் தாண்டிச் சில கிலோமீட்டர் வந்துவிட்டவர்கள். படைவீரர்கள் அதே நடையில்தான் வந்தார்கள், ஆனால் முகத்தில் வியர்வை உப்புக் கோடாகக் காய்ந்திருந்தது. ஊர்தியின் மேல் ஆடிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, கைகள் அபிநயத்தில் இருக்க, ஒரு காலை மட்டும் உதறிக்கொண்டாள். மரத்துப் போயிருக்கும். இன்னொரு ஊர்தியின் அடியில், கோட்டைச் சுவர் மாதிரி வரைந்திருந்த பலகையில் ஒரு சிறிய சதுர ஓட்டை. அதற்குள் இரண்டு கண்கள். ஊர்தியை இழுக்கும் டிராக்டரின் ஓட்டுநர்! மொத்த மாநிலத்தின் பெருமையையும் தலைக்கு மேல் சுமந்துகொண்டு, அந்த ஓட்டை வழியாகச் சாலையைப் பார்த்து ஓட்டுகிறார். வலது ஓரத்து வரிசையின் ஞாபகம் வந்தது. அன்று இரவு எஸ்டிடி பூத்திலிருந்து பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. “டிரெஸ்ஸிங் எப்பிடிடா இருந்துச்சு?”

அதற்கப்புறம் பல வருடம் பரேடு என் வாழ்க்கையில் இல்லை. 2015இல் ஒபாமா மழைத் தூறலில் குடையோடு வந்தார், 2016இல் பிரெஞ்சுப் படையினர் நம் வீரர்களோடு நடந்தார்கள், 2021இல் கொரோனாவால் சிறப்பு விருந்தினரே இல்லை. எல்லாம் மறுநாள் செய்தியாகத்தான் எனக்கு வந்தது.

திரும்ப என்னை டிவி முன்னால் உட்கார வைத்தது 2022. அந்த ஆண்டு தமிழ்நாட்டின் ஊர்தி டெல்லியில் இல்லை. வ.உ.சி., பாரதியார், வேலு நாச்சியார், மருது சகோதரர்கள் என்று விடுதலைப் போராட்டத்தை வைத்துக் கொடுத்த வடிவத்தை, பாதுகாப்பு அமைச்சகத்தின் நிபுணர் குழு ஏற்கவில்லை. மேற்கு வங்கத்தின் நேதாஜிக்கும் கேரளத்தின் நாராயண குருவுக்கும் அதே கதிதான். முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பிறகு அந்த ஊர்தியைச் சென்னை அணிவகுப்பில் விட்டார்கள், அப்படியே மாநிலத்தின் பல ஊர்களுக்கும் கொண்டுபோனார்கள். குழந்தையாக இருந்தபோது முப்பது நொடிக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தும் கோபுரத்தின் முதுகை மட்டும் பார்த்தவன் நான். இந்த முறை ஊர்தி நம் தெருவுக்கே வந்தது! வ.உ.சி. செக்கை இழுப்பதைத் தொட்டுவிடும் தூரத்தில் நின்று மக்கள் செல்ஃபி எடுத்தார்கள். டெல்லி ஒப்புக்கொண்டிருந்தால் இத்தனை பேர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள் என்பது என் துணிபு.

2024இல் உத்திரமேரூர்க் குடவோலை முறையை வைத்து நம் ஊர்தி போனது. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் இருக்கும் தேர்தல் முறை அது. நடுவர் குழுவின் மூன்றாம் பரிசு கிடைத்தது. 2025இல் மீண்டும் இல்லை, ஆனால் இந்த முறை சண்டையும் இல்லை. எல்லா மாநிலத்துக்கும் மூன்று ஆண்டுக்குள் ஒரு வாய்ப்பு என்று சுழற்சி ஏற்பாடு வந்துவிட்டது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ‘நம்முடையது வருமா’ என்ற படபடப்பு அதோடு போயிற்று. எந்த ஊர்தி பிடித்தது என்று இணையத்தில் வாக்களிக்கலாம் என்பது 2022இலிருந்து. நான் ஒருமுறை முயன்றேன், ஓடிபி வருவதற்குள் ஆர்வம் வடிந்துவிட்டது.

டிவியும் இப்போது நன்றாகத்தான் காட்டுகிறது. அதுதான் என் புகாரும். 2022இல் போர் விமானத்தின் விமானி அறைக்குள்ளிருந்தே காட்டினார்கள். ட்ரோன் மேலிருந்து பார்க்கிறது. தமிழ்ச் செய்திச் சேனல்கள் அதே படத்தின் மேல் தமிழில் பேசுகின்றன. புரியாதது ஒன்றுமில்லை, பந்தயம் கட்டவும் ஒன்றுமில்லை. ஆனால் எந்தப் படமும் இரண்டு மூன்று நொடிக்கு மேல் நிற்பதில்லை. மேலிருந்து ஒரு காட்சி, மீசை ஒன்று, வாள் ஒன்று, மேடை, குழந்தையின் கையில் கொடி, மறுபடி மேலிருந்து. 144 பேர் ஒரு கோடாக வருவது ட்ரோனுக்குக் கம்பளம் மாதிரி அழகாகத் தெரிகிறது. அது கம்பளம் இல்லை, 288 பூட்ஸ் என்பது அந்த உயரத்திலிருந்து தெரியாது.

பெரியப்பாவுக்கு இப்போது எண்பது. காது சுத்தமாகக் கேட்காது, அதனால் வர்ணனைத் தொல்லை இல்லை. 2024இல் ஜனாதிபதி முர்முவும் பிரான்ஸ் அதிபர் மக்ரோனும் குதிரை வண்டியில் வந்தபோது, “இது வந்து எவ்ளோ வருசமாச்சு” என்று கை தட்டினார். நாற்பது வருடம் கழித்து அந்த வண்டியை வெளியே எடுத்திருந்தார்கள். ஆனால் அணிவகுப்பு தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் ரிமோட்டைத் தேட ஆரம்பித்தார். டிவியில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டார். “இன்னாடா இது, காலையே காட்ட மாட்டேங்கறான்?”

போன ஆண்டு என் மகளும் பக்கத்தில் இருந்தாள். அவளுக்குப் பரேடு என்றால் மோட்டார் சைக்கிள் சாகசம் மட்டும்தான், அதுவும் நாற்பது நொடி ரீல்ஸாக. பெரிய தாத்தா எதற்குப் புலம்புகிறார் என்று கேட்டாள். சொன்னேன். வலது ஓரத்து வரிசை திரும்பாது என்பதையும் சொன்னேன். அவள் அதை நம்பாமல் போனில் தேடினாள். பத்து நிமிடம் கழித்து ஒரு வீடியோவைப் பிடித்துவிட்டாள். யாரோ பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து சும்மா போனை நீட்டிப் பிடித்து எடுத்தது. தலைப்பு கிடையாது, இசை கிடையாது. முன்னால் உட்கார்ந்திருப்பவரின் குல்லாய் பாதித் திரையை மறைக்கிறது. மீதிப் பாதியில் ஒரு குழு பக்கவாட்டில், தலையிலிருந்து பூட்ஸ் வரைக்கும், முழுசாகக் கடந்து போகிறது. கை வலித்திருக்கும், ஆனாலும் எடுத்தவர் அசைக்கவில்லை.

பெரியப்பா போனை வாங்கி ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவருடைய வலது கால் பாயின் மேல் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தது. வீடியோ முடிந்ததும், மறுபடி போடச் சொல்லி அவளிடம் சைகை காட்டினார். இரண்டாவது தடவை பாதியில் விரலைத் திரையில் வைத்துவிட்டார், படம் நின்றுவிட்டது.

“இந்தப் பையன பாரு,” என்றார் அவளிடம். “ஸ்டெப் மாத்திப்புட்டான்.”

அவள் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பார்த்தாள். “எந்த வரிசை, தாத்தா?”

அவருக்குக் கேட்கவில்லை.